உரைபெயர்ப்பாளர் ஒரே ஒரு முறை பேசினார்

உரைபெயர்ப்புப் பயிலும் இளையவர்கள் சிலர் சென்ற மாதம் என்னைத் தங்கள் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். இன்றைக்கு அவர்கள் செய்யும் தொழில் நான் செய்த தொழிலைப் போன்றதன்று. மட்டக்களப்பு நகரில் குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், திரைக்கு முன்னால் அமர்ந்து, கடல் கடந்து நடக்கும் கூட்டங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். பேசுபவரின் முகம் தபால் தலை அளவில் தெரிகிறது. அவர் எங்கே இருக்கிறார், அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. அவர்களுள் சுகன்யா என்ற பெண் கேட்டாள்:

“மிஸ், ‘உரைபெயர்ப்பாளரின் கூற்று’ எண்டு விதியில ஒண்டு கிடக்குத்தானே. நீங்க எத்தின தரம் பாவிச்சிருப்பீங்க?”

“ஒருக்கா.”

“இவ்வளவு கால சேவையில ஒருக்காவா? அப்ப அது அலுமாரியில பூட்டி வச்ச சீனக் கோப்ப மாதிரியா, மிஸ்?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ஒரு முறையைப் பற்றி அன்று சொல்ல நேரம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே. எழுதும்போது ஒரு வசனத்தை அடித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வாயால் பேசிப் பிழைத்த எங்களுக்கு அந்த வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை.

நான் மட்டக்களப்புக்கு அருகே தன்னாமுனையில் பிறந்தவள். நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சிங்களத்தில் எழும் கேள்வியைத் தமிழிலும், தமிழில் வரும் விடையைச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். விடை சொல்லும்போது ‘சாட்சி கூறுகிறார்’ என்று தொடங்குவது என் வழக்கம். ஒரு தாய் தன் பிள்ளையைக் காணவில்லை என்று சொன்னால், ‘தமது பிள்ளையைக் காணவில்லை எனச் சாட்சி கூறுகிறார்’ என்பேன். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நான் பத்திரமாக இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்து, உண்டு, உறங்கவும் முடிந்தது.

பிறகு, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஒன்றியம் கிழக்கிலே வீதிகளுக்கும் குளங்களுக்கும் பணம் வழங்கத் தொடங்கியது. அதன் குழுக்கள் அடிக்கடி வந்தன. தமிழ் உரைபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள்; பரீட்சை எழுதினேன்; எடுத்துக்கொண்டார்கள். பிரசெல்ஸ் நகரில் சில மாதங்கள் பயிற்சி.

அந்த ஒன்றியத்துக்கு இருபத்துநான்கு ஆட்சிமொழிகள். அதன் குடிமக்கள் எவரும் அவற்றுள் எந்த மொழியிலும் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் வரவேண்டும். இரண்டு ஆட்சிமொழிகளை வைத்துக்கொண்டே, தெரியாத மொழியில் வந்த கடிதத்தை வாசிப்பிக்க ஊர் ஊராக ஆள் தேடிய நாட்டிலிருந்து போனவள் நான். முதலில் எனக்கு அது பெரிய ஆடம்பரமாகவே பட்டது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் மன்றத்தில் எழுந்து தத்தம் தாய்மொழியிலேயே பேசினார்கள். ஏன் இந்த வீண் செலவு என்று ஒருநாள் கேட்டேன். “அவர் ஆங்கிலம் பேசினால் நமக்கு இலகு. அவருக்கு வாக்களித்த மீனவனுக்கு இலகுவா?” என்று மறுகேள்வி கேட்டார் என் மேலாளர்.

அவர் பெயர் இனேஸ். போர்த்துக்கேயப் பெண்மணி, தலைமை உரைபெயர்ப்பாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பயிற்சியின்போது எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருப்பார். பேசியவர் சொல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்துவிட்டால், மேசைமேல் தம் உள்ளங்கையை ஓசையின்றி வைப்பார். ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் அந்தக் கையைத் திருப்பி, வெறுங்கையை விரித்துக் காட்டுவார். அவ்வளவுதான் கண்டிப்பு. நாள் முடிவில் அந்தக் கையை அவர் மடியிலேயே வைத்திருந்தால், எனக்குப் பட்டம் கிடைத்த மாதிரி.

என் ‘சாட்சி கூறுகிறார்’ அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஒன்றியத்தின் முறையில் உரைபெயர்ப்பாளருக்கெனத் தனி வாய் கிடையாது. பேசுபவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். என் சொந்தக் கருத்தாக ஏதேனும் சொல்லியே தீரவேண்டுமானால், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரின் அனுமதி பெற்று, ‘உரைபெயர்ப்பாளர் தெரிவிப்பது யாதெனில்’ என்று என்னையே மூன்றாம் மனிதராக ஆக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். சுகன்யா கேட்ட கூற்று அதுதான்.

எல்லா மொழிகளிலிருந்தும் எல்லா மொழிகளுக்கும் ஆள் வைக்க முடியாது என்பதால், அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் பேச்சும் கைமாறும். தமிழை நான் ஆங்கிலமாக்குவேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு ஒருவர் பின்னிஷ் மொழிக்கும், இனேஸ் போர்த்துக்கேய மொழிக்கும் கொண்டுபோவார்கள். முதல் ஆளின் கையில் கோல் விழுந்தால் பின்னால் ஓடுகிறவர்கள் எல்லோரும் வெறுங்கையோடுதான் ஓடுவார்கள்.

இனேஸ் முதன்முறை மட்டக்களப்புக்கு வந்தபோது, மண்டபத்தில் ஒருவர், “அந்தக் கதிரைய மேசைக்குக் கிட்டப் போடுங்க” என்றார். இனேஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். நாற்காலியைக் குறிக்கும் கதிரை, மேசை இரண்டும் அவருடைய பாட்டன்மார் இங்கே விட்டுப்போன சொற்கள் என்று விளக்கினேன். “கதிரையையும் மேசையையும் விட்டுவிட்டுப் போனோமா? அப்படியானால் அவசரமாகத்தான் புறப்பட்டிருக்கிறோம்” என்றார்.

மாங்கேணி விசாரணை நடந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

மாங்கேணிக் கரையில் கரைவலை இழுக்கும் இடம் ஒன்று உண்டு, ‘பாடு’ என்பார்கள். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, கரையில் இரண்டு வரிசையாக நின்று இரு முனைகளையும் இழுத்து ஒன்றுசேர்ப்பார்கள். நடுவில் ஒரு கல் நின்றாலும் வலை கிழியும். அந்தப் பாட்டின் நடுவே, உல்லாசப் படகுகளுக்காக ஒரு கற்சுவர் கடலுக்குள் இறங்கவிருந்தது. ஹோட்டல் கட்டும் கொம்பனி ஒன்றின் திட்டம், கடன் ஒன்றியத்துடையது. ஊர்மக்கள் மறுத்தால் கடன் இல்லை என்பது ஒன்றியத்தின் விதி. ஆனால் கொம்பனி அமர்த்திய ஆய்வாளர்கள், ‘மக்களிடம் கேட்டோம், எவரும் மறுப்புச் சொல்லவில்லை’ என்று எழுதிவிட்டார்கள்.

கரைவலையின் சொந்தக்காரி பூமணி. கணவன் இறந்த பிறகு வலையைத் தானே நடத்தியவர். அவருடைய தம்பி டென்மார்க்கின் குடிமகன். அவர் டேனிஷ் மொழியில் ஒன்றியத்துக்கு ஒரு மனு எழுத, டேனிஷ் மொழியிலேயே பதில் வந்தது. பதிலைத் தொடர்ந்து குழுவும் வந்தது. ஊர்மக்கள் அந்தக் குழுவின் முன் தம் வாயால் மறுத்தால் சுவர் வேலை நின்றுபோகும். மறுக்காவிட்டால் ஆய்வாளர் எழுதியதே உண்மையாகும், பாடு போய்விடும்.

விசாரணை, வலை வைக்கும் கொட்டகையான வாடியின் கிடுகுக் கூரையின் கீழ் நடந்தது. குழுவின் தலைவி பின்லாந்துக்காரர்; உறுப்பினர் ஒருவர் போர்த்துக்கேயர். எதிரே கொம்பனியின் சட்டத்தரணி, கொழும்பிலிருந்து வந்த மரியாதையான மனிதர். மணலில் ஊர்ச்சனம். முன்வரிசையில் பூமணியும், அவருடைய மச்சானும் மீனவர் சங்கத் தலைவருமான தம்பிராசாவும். குழு எந்தத் தரப்பினரின் விருந்தையும் ஏற்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தண்ணீர்ப் போத்தல்களைக்கூட வாகனத்தில் கொண்டுவந்திருந்தார்கள்.

“இந்தச் சுவரை நீங்கள் எதிர்க்கிறீர்களா?” தலைவியின் பின்னிஷ் ஆங்கிலமாகி, என் வாயில் தமிழாயிற்று.

தம்பிராசா எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டார். “அம்மா எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறா. இந்த வெக்கைக்குள்ள இருக்கிறா. எங்களுக்குச் சந்தோசம். மத்ததுகளப் பாப்பம்.”

சொன்னபடியே சொன்னேன். தலைவி கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார். “அவங்கட திட்டம் அவங்களுக்குப் பெரிசுதானே, அம்மா. பாப்பம்” என்றார் தம்பிராசா. சட்டத்தரணி பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாய்ந்து அமர்ந்தார். தலைவி மூன்றாவது முறையாக, பூமணியை நோக்கிக் கேட்டார். பூமணி அவருக்கு விடை சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

“புள்ள, இவங்க ஒரு வாய் தண்ணிகூட இஞ்ச குடிக்கல்லயே. கேட்டுப் பாரன்.”

கூட்டத்தில் சொல்லப்பட்ட எல்லாமே உரைபெயர்ப்புக்கு உரியவை. ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவி முகம் மலர்ந்து, தம் போத்தலை உயர்த்திக் காட்டினார்: “மிக்க நன்றி. எங்களிடம் இருக்கிறது.”

பூமணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் இளமையில் ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. வந்த பத்தாவது நிமிடத்திலேயே அப்பாவுக்கு அவர்களைப் பிடிக்காமல் போய்விட்டது. ஆயினும் இரண்டு கறி, ஒரு சொதி, பாயாசம் என்று எல்லாம் பரிமாறி, வெற்றிலைத் தட்டத்தை நீட்டிய பிறகுதான், “இது சரிவராது” என்றார். அவர்களும் கோபிக்கவில்லை, அந்த முறை அவர்களுக்கும் தெரியும். நம் வாசலுக்கு வந்த மனிதருக்கு ஒரு வாய் கொடுக்காமல் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்பது எங்கள் பக்கத்தில் மறுப்பு ஆகாது, அவமதிப்பு. மாங்கேணியில் அந்த வழக்கம் இன்னும் இறுக்கமாக இருந்தது. குழுவின் விதி அவர்களை உண்ணவிடவில்லை. ஊரின் வழக்கம் இவர்களை மறுக்கவிடவில்லை. இரண்டு பக்கமும் நேர்மையாக நடந்துகொண்டிருக்க, நடுவில் பாடு கைநழுவிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் இனேஸிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்: “நீ சொல்லப்போவது தகவலா, வாதமா? வாதமானால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். தகவலானால் ஒரே வசனத்தில், இரு தரப்பும் கேட்க, இரு மொழியிலும் சொல்.”

விசாரணை மீண்டும் கூடியபோது தலைவியிடம் அனுமதி கேட்டேன். கிடைத்தது. “உரைபெயர்ப்பாளர் தெரிவிப்பது யாதெனில், இந்தக் கரையோர ஊர்களில் விருந்தினர் ஏதேனும் உண்பதற்கு முன் அவர்களிடம் மறுப்புச் சொல்வது வழக்கமில்லை.” ஆங்கிலத்தில் சொன்னபின் அதையே தமிழிலும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார்: “ஆருகா அந்த உரைபெயர்ப்பாளர்?”

“இந்தா நிக்குதே, இந்தப் புள்ளதான்.”

“அப்ப ஏன் வேற ஆரையோ சொல்லுறாப்போல சொல்லுது?”

சிரிப்பு எழுந்தது. சட்டத்தரணி மட்டும் சிரிக்கவில்லை. உரைபெயர்ப்பாளர் ஒரு தரப்புக்காகப் பேசுகிறார் என்றும், அந்தக் கூற்றைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்றும் அமைதியாகச் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். தலைவி யோசித்துவிட்டு, ஊர்மக்களையே கேட்டார்: “உரைபெயர்ப்பாளர் சொன்னது உண்மையா? நாங்கள் உண்ணாததால்தான் நீங்கள் பதில் சொல்லவில்லையா?”

அந்தக் கேள்வியைத் தமிழாக்கும்போதே அதற்கு என்ன விடை வரும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உண்ணாத விருந்தினரிடம், ‘ஆம், நீங்கள் உண்ணாததுதான் குறை’ என்று எந்த வீட்டுக்காரன் சொல்வான்?

தம்பிராசா பதறி எழுந்தார். “ஐயோ அம்மா, அப்படியெல்லாம் ஒண்டுமில்ல. அந்தப் புள்ள தெரியாமச் சொல்லிப்போட்டுது. மனசில வச்சிக்காதீங்க.”

என் கூற்றைப் பொய்யாக்கும் அந்த வசனத்தை நானே, என் வாயால், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன்: “ஐயோ அம்மா, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அறியாமல் சொல்லிவிட்டார். மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.” ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. இனேஸ் என் அருகில் இருந்தார். அவருடைய கை மடியிலேயே இருந்தது.

நீக்குவதா வேண்டாமா என்பதை மதிய உணவுக்குப் பின் முடிவுசெய்வதாகத் தலைவி அறிவித்தார். குழு கல்குடாவுக்குப் போய் உண்பதாக ஏற்பாடு. தலைவி அதை மாற்றினார். வாகனத்தில் இருந்த சோற்றுப் பார்சல்களை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். தம் உணவைத் தாம் உண்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. சட்டத்தரணியும் தம் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தார். ஊர்மக்கள் சற்று எட்டி அமர்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவி இரண்டு வாய் உண்டார். பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னார். அது மொழிமாறி என்னிடம் வந்தது. நான் தமிழில் சொன்னேன்: “கொஞ்சம் உப்புக் கிடைக்குமா?”

வாடியே அசைந்தது. பூமணி நான் அதுவரை கண்டிராத விரைவில் எழுந்து ஓடினார். சிரட்டை ஒன்றில் உப்பு, அதன்மேல் அரிந்த தேசிக்காய், இன்னொரு கையில் பொரித்த மீன் ஒரு தட்டம். தலைவி மீனைப் பார்த்து, மெல்லத் தலையசைத்து மறுத்தார். உப்பை எடுத்துச் சோற்றில் தூவினார். தேசிக்காயைப் பிழிந்தார். பிறகு சிரட்டையைச் சட்டத்தரணியின் பக்கம் நீட்டினார். அவர் ஒரு கணம் தயங்கினார், அவரும் எடுத்துக்கொண்டார்.

விதி மீறப்பட்டதா என்று இனேஸைக் கண்ணால் கேட்டேன். “விதியில் உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை” என்றார்.

தலைவி அறிந்து கேட்டாரா, பார்சல் சோறு உண்மையிலேயே சப்பென்றிருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்பது என் வேலையன்று.

கூட்டம் மறுபடி தொடங்கியதும், யாரும் கேள்வி கேட்குமுன் பூமணி எழுந்தார்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

“சாப்பிட்டேன். நன்றி.”

“உப்புக் காணுமா இருந்திச்சா?”

“போதுமாக இருந்தது.”

“அப்ப கேளுங்க. இல்ல. எங்கட பாட்ட நாங்க தரமாட்டம்.”

நான் ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்றேன். ஒரு மூச்சளவு இடைவெளியில் பின்னிஷ் மொழியிலும், அதன் வாலைப் பிடித்தாற்போல் இனேஸின் போர்த்துக்கேயத்திலும் அந்த ‘இல்லை’ போனது. பூமணி நிறுத்தவில்லை.

“கொம்பனிக்காக முதல் வந்த ஆக்கள் வாகனத்தால இறங்கவேயில்ல. கண்ணாடியக் கீழ பதிச்சுப்போட்டு, ‘ஏதும் பிரச்சினை இரிக்கா’ எண்டு கேட்டாங்க. இறங்கி வாங்க, தேத்தண்ணி ஊத்துறம் எண்டன். நேரமில்ல எண்டு போயிட்டாங்க. அவங்களுக்கு என்னத்தச் சொல்லுற? சொல்லல்ல. சொல்லாததச் சம்மதம் எண்டு எழுதினா அது ஆர்ர பிழை? இந்தக் கல்லு நடுவில இறங்கினா வலைய எங்க வளைக்கிற? ரெண்டு வரிசையில நிக்கிற சனம் எங்க போற? அந்தா, அவளுக்கு மூணு புள்ளையள். ஒரு கயித்த நம்பித்தான் நிக்கிறாள்.”

பிறகு தம்பிராசாவும் எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். காலையில் ஒரு மறுப்பும் வராத வாயிலிருந்தெல்லாம் மறுப்பு வந்தது. எனக்கு மூச்சு வாங்க நேரமில்லை. தலைவி தம்பிராசாவிடம் கேட்டார்: “காலையில் அப்படி ஒன்றும் இல்லை என்றீர்களே?”

“அது காலம சொன்னதுதானே, அம்மா. இப்ப பகலாயிட்டுது.”

சட்டத்தரணியும் சிரித்துவிட்டார். பின் எழுந்து, உரைபெயர்ப்பாளரின் கூற்றைப் பற்றித் தாம் எழுப்பிய ஆட்சேபனையை மீளப்பெறுவதாகச் சொன்னார். அதையும் நானே தமிழில் சொன்னேன்.

முடிவு வர மாதங்கள் ஆயின. சுவரை, எவருடைய பாடும் இல்லாத இடத்துக்கு நகர்த்தினால் அன்றிக் கடன் இல்லை என்றது ஒன்றியம். கொம்பனி நகர்த்தியது. மாங்கேணியில் இன்றும் வலை இழுக்கிறார்கள்.

செய்தி வந்த வாரம் பூமணி என்னைச் சாப்பிட அழைத்தார். விசாரணை முடிந்துவிட்டதால் போகலாம் என்று இனேஸும் சொன்னார். சூடை மீன் பொரியல், சொதி, முருங்கைக்காய்க் கறி. நான் போதும் போதும் என்க, அவர் அகப்பையை விடவில்லை.

“வயிறு நிறைஞ்சிட்டா, புள்ள?”

“நிறைஞ்சிட்டு, அக்கா.”

அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எனக்கு எதிரே அமர்ந்தார். “அப்ப ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. அண்டைக்கு நீ எங்கட மனசுக்குள்ள கிடந்தத, எங்களக் கேக்காம எடுத்து அந்தச் சனத்துக்கு முன்னால வச்சாய். எனக்கு அது சரியாப் படல்ல. வெக்கமாப் போச்சு.”

“சொல்லாம விட்டிருந்தா, அக்கா?”

“பாடு போயிருந்தாலும் போயிருக்கும். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனா வாடிக்குப் பின்னால வந்து, ‘அக்கா, சொல்லட்டா’ எண்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

நான் கை கழுவ எழுந்தேன். அவர் என் கைக்குத் தண்ணீர் வார்த்தார்.

அதன்பின் நான் ஓய்வுபெறும்வரை, அந்தக் கூற்றுக்கு இடமிருந்த தறுவாய்கள் வேறு சிலவும் வந்தன. ஒவ்வொரு முறையும் தலைமையின் அனுமதியோடு, அந்த மனிதரிடம் முதலில் போனேன். வயல் வட்டைக்குத் தண்ணீர் வராத விவசாயி ஒருவர், கணவனைப் பற்றிப் பேச்சு வந்தாலே வாய்மூடிவிடும் ஒரு பெண், இன்னும் சிலர். “இது உங்கட ஆக்களிட வழக்கம் எண்டு நான் அவங்களுக்குச் சொல்லட்டா?” என்று கேட்பேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொன்னார்கள்.

“நீ என்னத்துக்கு? நானே சொல்லுறன்.”